ஆறாவது நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் சுறுசுறுப்பாக இல்லாத உயிர் இந்த உலகத்தில் கிடையாது. புது வருடத்தன்று ஓட்டப்பயிற்சிக்குக் கிளம்புகிறவர், விருந்து முடிந்ததும் "பாத்திரமெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சட்டைக்கையை மடித்துவிடுகிற மச்சான், ஆண்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடிக்கிற செயலாளர், எல்லாருமே முதல் ஐந்து நிமிடம் ஜொலிப்பார்கள். ஆள் யார் என்பது ஆறாவது நிமிடத்தில்தான் தெரியும். இந்த உண்மையைக் கண்டுபிடித்தது நான்தான். அதற்காக நான் இழந்தவை ஒரு பட்டுத்துணி, ஒரு தட்டு குங்குமம், அப்புறம் மானம். (மானத்தைக் கடைசியில் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அது போனதும் அந்த வரிசையில்தான்.)

இப்போது நான் மலேசியாவில், ஜொகூரில் ஒரு தரவு மையத்தில் வேலை செய்கிறேன். அங்கே வரிசையாக நிற்கும் சேமிப்பு அடுக்குகளுக்கு எந்த எஸ்எஸ்டி (சுழலாத வகை) டிஸ்க்கை வாங்கலாம், எது நாள் முழுக்க எழுதினாலும் தாங்கும், எது நடுவழியில் காலை வாரிவிடும் என்று சோதித்துச் சொல்வது என் பொறுப்பு. நான் பேசும்போது இளம் பொறியாளர்கள் குறிப்பு எடுத்துக்கொள்கிறார்கள். மேடத்துக்கு இவ்வளவு ஞானம் எந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது என்று ஒருவர் கேட்டார். பாசிர் கூடாங்கில் கிடைத்தது, மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில், என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்து வைத்தேன்.

அந்த மேல்மாடியில் ஒரு வீடியோ ஸ்டுடியோ இருந்தது. முதலாளி ராஜன் அண்ணன். அவர் கேமராவை நடத்தினார், அவர் மனைவி சரஸ் அக்கா மற்ற எல்லாவற்றையும், ராஜன் அண்ணன் உட்பட, நடத்தினார். டிப்ளமா முடித்த கையோடு நான் அங்கே கணினி வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதம் தற்காலிகம், பிடித்திருந்தால் நிரந்தரம் என்பது பேச்சு. கல்யாணம், கோயில் திருவிழா, நாட்டிய நிகழ்ச்சி என்று படம் பிடித்துக் கொண்டுவருவார்கள். கேமராவின் நினைவக அட்டையில் இருப்பதையெல்லாம் சேமிப்புப் பெட்டியில் ஏற்றிவிட்டு, அட்டையைக் காலி செய்து அடுத்த நிகழ்ச்சிக்குக் கொடுப்பது என் வேலை.

சேமிப்புப் பெட்டி என்றால் நான்கு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே கிடங்காக ஆக்கி வைத்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் ஓடியவை பழைய காலத்துச் சுழலும் டிஸ்க்குகள். உள்ளே யாரோ உளுந்து அரைக்கிற மாதிரி சத்தம் வரும். ஒரு கல்யாணத்தை ஏற்ற அரை நாள் ஆகும். நான் அதற்குத் தாத்தா என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு நாள் ராஜன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, புதுப் பெட்டி வாங்கப் போகிறோம், எழுதும் வேகம்தான் முக்கியம், எந்த டிஸ்க் நல்லது என்று நீயே பார்த்து வாங்கி வா என்றார். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பொறுப்பு வந்ததும் நான் மாடிப்படியை இரண்டு இரண்டாக இறங்கினேன்.

ஜொகூர் பாருவில் கடைக்காரர் ஒரு சீன அங்கிள். பொறுமையான மனிதர். என்ன வேலைக்கு, படிக்கவா எழுதவா, ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதுவீர்கள், பெட்டி எந்த அளவுக்கு நிரம்பும் என்று மலாய் மொழியில் வரிசையாகக் கேட்டார். எனக்கு அது டாக்டர் கேட்கிற கேள்வி மாதிரி எரிச்சலாக இருந்தது. அவர் ஒரு டிஸ்க்கை எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறம், மேலே ஒரு வெள்ளைச் சீட்டு, அவ்வளவுதான். வேக எண்ணும் சுமார்தான். இது காலையில் எழுதுகிற வேகத்தில்தான் சாயங்காலமும் எழுதும், திடீரென்று மின்சாரம் போனால்கூட கையிலிருப்பதை எழுதி முடித்துவிட்டுத்தான் தூங்கும் என்றார்.

நான் பக்கத்து அலமாரியைப் பார்த்தேன். அங்கே ஒரு டிஸ்க் இருந்தது. அட்டைப்பெட்டியில் தீ பறந்தது. தீக்குள்ளிருந்து ஒரு டிராகன் எட்டிப் பார்த்தது. அதன் வாயருகில் 'வினாடிக்கு ஏழாயிரம் மெகாபைட் வரை' என்று போட்டிருந்தது. நான் ஏழாயிரத்தைப் பார்த்தேன், டிராகனைப் பார்த்தேன், 'வரை' என்பதைப் பார்க்கவில்லை. கொள்ளளவும் சாம்பல் டிஸ்க்கைவிட இரண்டு மடங்கு. அங்கிள் இரண்டு முறை வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, மூன்றாவது முறை எனக்கெதற்கு என்று நான்கு டிராகன்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

ஸ்டுடியோவில் வந்து சோதனை நடத்தினேன். (சோதனை என்றால், ஒரு பாட்டு நீளத்துக்கு இருந்த ஒரு கோப்பை ஏற்றிப் பார்த்தேன்.) ராஜன் அண்ணன் தே ஓ ஐஸில், அதாவது பாலில்லாத ஐஸ் தேநீரில், ஒரு வாய் உறிஞ்சி முடிப்பதற்குள் ஏறிவிட்டது. இன்னொரு தடவை பண்ணு என்றார், பண்ணினேன். சரஸ் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார். சரஸ் அக்கா வாயில் பரவாயில்லை என்பது மற்றவர்களுக்கு மாலை மரியாதை மாதிரி. அந்தப் போதையில் நான் இன்னொரு யோசனையும் சொன்னேன். அட்டையெல்லாம் பத்து நிமிடத்தில் காலியாகிவிடும், எதற்கு உபரி அட்டைகள் வாங்கவேண்டும், வேண்டாம் என்றேன். வாங்கவில்லை.

இப்போது அந்த டிராகனின் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் திடீரென்று விருந்தாளி வந்தால் அம்மா ஒன்று செய்வார். கூடத்தில் கிடக்கிற துணி, செய்தித்தாள், தலையணை எல்லாவற்றையும் வாரி பின்னறையில் வீசிக் கதவைச் சாத்திவிடுவார். ஒரே நிமிடத்தில் கூடம் பளிச்சென்று ஆகிவிடும். விருந்தாளி போனபிறகு ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் வைப்பார். என் டிஸ்க்கும் அப்படித்தான். வருகிறதை முதலில் உள்ளே ஒரு மூலையில் வேகமாக வீசும், ஓய்வு கிடைக்கும்போது நெருக்கி அடுக்கும். அந்த மூலை நிரம்பிவிட்டால் வீச இடமில்லை, ஒவ்வொன்றாக மடித்துத்தான் ஆகவேண்டும், வேகம் படுத்துவிடும். இதில் இன்னொரு விஷயம், டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்த மூலையும் சுருங்கிக்கொண்டே வரும். நான் சோதித்தபோது வீடு முழுக்கக் காலியாக இருந்தது. நாலைந்து வாரத்தில் நவராத்திரி வந்தது. தினமும் மூன்று கோயில்களின் நிகழ்ச்சிகளை ஏற்றினேன். என் டிராகன்களின் வயிறு கழுத்துவரை நிரம்பியிருந்தது எனக்குத் தெரியும். அதனால் என்ன ஆகும் என்பது தெரியாது.

எட்டாம் நாள் மாலை யாழினியின் அரங்கேற்றம். ஏழு வருடம் நாட்டியம் படித்த பெண். அவள் அப்பா கப்பலில் வேலை செய்கிறவர். விடுப்புக் கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. பதிவு செய்ய வந்த அன்றைக்கே அவள் அம்மா ராஜன் அண்ணனிடம் சொல்லியிருந்தார். "அவரால வர முடியாது தம்பி. நீங்க எடுத்துக் குடுக்கறதுதான் அவருக்கு அரங்கேற்றம்." அரங்கேற்றத்தன்று கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. மறுநாள் சாயங்காலம் கிளம்பிவிடும், அப்புறம் நடுக்கடலில் பத்து நாளைக்கு எதுவும் பார்க்க முடியாது. அதற்குள் அனுப்பித் தருகிறோம் என்று ராஜன் அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

மூன்று மணி நேர நிகழ்ச்சி, நான்கு கேமரா. முடிந்ததும் அட்டைகளை என் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போகும்முன் ஏற்றிவிடலாமா என்று ராஜன் அண்ணன் கேட்டார். பத்து நிமிட வேலை அண்ணே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்தப் பதிலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னை ஒரு தட்டுத் தட்டவேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் ஆயுத பூசை. ஸ்டுடியோவில் அது தீபாவளியைவிடப் பெரிய நாள். கேமரா, லென்ஸ், முக்காலி, விளக்கு, டிரோன், வேன் சாவி, சரஸ் அக்காவின் ஸ்டேப்ளர் வரை துடைத்து நீளமேசையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். (ஒரு வருடம் ராஜன் அண்ணன் பக்தி மிகுந்து லென்ஸ் கண்ணாடியிலேயே பொட்டு வைத்துவிட்டார். அடுத்த கல்யாணத்தில் மாப்பிள்ளை முகத்தில் கடைசிவரை மஞ்சள் மூட்டம்.) சரஸ் அக்காவுக்கு இதில் ஒரே சட்டம். பூசை நேரத்தில் எந்த ஆயுதமும் வேலை செய்யக்கூடாது. வருடம் முழுக்க உழைத்தவை, ஒரு மணி நேரமாவது கண்மூடி உட்காரட்டும் என்பார். அன்று மாலை பத்து பாகாட் ஊரில் ஒரு கோயில் நிகழ்ச்சி இருந்ததால், கேமராக்களுக்கு மட்டும் மதியம் இரண்டு மணியோடு விடுப்பு ரத்து.

பூசை செய்ய வந்தவர் மணியம் மாமா. கோயில் பூசாரி, ஆனால் அது ஓய்வு நேரத்தில். பிழைப்புக்கு அவர் ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அன்று பன்னிரண்டு மணிக்குத் தொழிற்சாலை பஸ் வரும், மதிய ஷிப்ட். அதனால் வேட்டிக்குக் கீழே இரும்பு முனை வைத்த பூட்ஸோடு வந்து, வாசலில் கழற்றி, எழுந்து போகும் திசை பார்த்துத் திருப்பி வைத்தார். நல்ல நேரம் பதினொன்றரைக்கு முடிகிறது என்றார். அப்போது மணி பத்தேமுக்கால்.

நான் சாவதானமாக நான்கு அட்டைகளையும் செருகி, ஏற்றும் பொத்தானைத் தட்டினேன். திரையில் மீதி நேரம் ஒன்பது நிமிடம் என்று வந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒன்பதே நிமிடம் என்று அறிவித்தேன். சரஸ் அக்கா சரி என்று தேங்காயைக் கழுவப் போனார். எட்டு வந்தது, ஏழு வந்தது. ஐந்து நிமிடம் முடிந்தபோது மீதி நான்கு. நான் துண்டால் பெட்டியின் தலையைத் துடைத்து, டிராகனே என்று செல்லமாக ஒரு பொட்டும் வைத்தேன்.

ஆறாவது நிமிடத்தில் மீதி நேரம் பதினோரு நிமிடம் என்றது.

கண் சரியில்லையோ என்று பார்த்தேன். இருபத்தாறு ஆனது. பிறகு ஐம்பத்தெட்டு. பிறகு ஒரு மணி நாற்பது நிமிடம். கடைசியில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டி ஒரு இடத்தில் ஆற அமர உட்கார்ந்துகொண்டது. காப்பிக் கடையில் மூட்டை இறக்கிவைத்த ஆள் மாதிரி. ஏழாயிரம் என்ற டிஸ்க், எங்கள் தாத்தாவைவிட மெதுவாக ஊர்ந்தது. இரண்டு மணிக்கு அட்டைகள் காலியாக வேண்டும். உபரி அட்டை இல்லை, வேண்டாம் என்று சொன்ன புண்ணியவதி நான். யாழினியின் அப்பாவுக்கு சாயங்காலத்துக்குள் போகவேண்டும். நிறுத்திவிட்டுப் பூசைக்குப் பிறகு மறுபடி தொடங்கினால் இரண்டுமே தவறிவிடும் என்று பயந்தேன்.

அந்த நேரத்தில் ராஜன் அண்ணனிடம் போய், அண்ணே, டிஸ்க் தேர்வில் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே மங்களமாக முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் என் மூன்று மாதம் முடிகிறது. நிரந்தரம் என்கிற ஒரு கடிதம் என் கண்முன்னே ஆடியது. நல்ல நேரம் போகுது, முடிஞ்சதா என்று சரஸ் அக்கா மூன்றாவது தடவை கேட்டார். முடிந்தது அக்கா என்றேன். திரையை மட்டும் அணைத்தேன். மேசையில் மீதியிருந்த பட்டுத்துணியை எடுத்துப் பெட்டியின் மேல் நான்கு பக்கமும் தொங்கும்படி போர்த்தினேன். முக்காட்டுக்குள் பெட்டி வேலை செய்துகொண்டே இருந்தது. அழகா இருக்கு என்று சரஸ் அக்கா அதன் உச்சியில் ஒரு செவ்வந்திப் பூவையும் வைத்தார்.

மணியம் மாமா கற்பூரத்தைத் தொடுவதற்கு முன்னால் தன் வழக்கப்படி எங்களை நிற்கவைத்துக் கேட்டார். தொழிற்சாலையில் தொட்டிக்குள் ஆள் இறக்குகிறபோது கேட்பது போன்ற குரல்.

"எல்லாம் ஆஃப் பண்ணியாச்சா? தண்ணி தெளிப்பேன். அப்புறம் அது போச்சு இது போச்சுன்னு எங்கிட்ட வரக்கூடாது."

ராஜன் அண்ணன், பண்ணியாச்சு என்றார். சரஸ் அக்கா, பண்ணியாச்சு என்றார். மாமா என்னைப் பார்த்தார்.

"பண்ணியாச்சு மாமா," என்றேன்.

அது பொய் என்பது எனக்கும் அந்தப் பெட்டிக்கும் மட்டும்தான் தெரியும். பெட்டிக்கு என் மேல் விசுவாசம் இல்லை.

மணி ஒலிக்க ஆரம்பித்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் ஒரு கண்ணை மூடினேன். இடைவிடாமல் எழுதினால் டிஸ்க் சூடாகும் என்பதும், சூடானால் காற்று வேண்டும் என்பதும், பட்டுத்துணி காற்றை விடாது என்பதும் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக என் புத்தியில் வந்து நின்றன. முதலில் விசிறி மெல்ல முனகியது. பிறகு ஓலமிட்டது. துணியின் ஓரங்கள் படபடத்தன, செவ்வந்திப் பூ தானாக நகர்ந்து கீழே விழுந்தது. மணியம் மாமா சாமி வந்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, மணியை இன்னும் வேகமாக ஆட்டினார். சரஸ் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போது சூட்டு எச்சரிக்கை, பீப், பீப் என்று மணிக்குச் சரியாகத் தாளம் போட்டது.

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். தொழிற்சாலையில் இருபது வருடம் அலாரம் கேட்டவர், அவருக்கு சாமி எது, சூடு எது என்று தெரியாதா. ஆனால் அதற்குள் அவர் வலது கை தன் வழக்கமான வேலையில் இறங்கியிருந்தது. மாவிலைக் கொத்தைச் செம்பில் முக்கி, கேமராவுக்கு ஒன்று, முக்காலிக்கு ஒன்று என்று தெளித்துக்கொண்டே பெட்டியை நோக்கி வந்தது. ஓடுகிற பெட்டி, உள்ளே யாழினி, மேலே தண்ணீர்.

நான் பாய்ந்தேன்.

அந்தப் பாய்ச்சலைப் பற்றி எங்கள் ஸ்டுடியோவில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. கோல்கீப்பர் மாதிரி இருந்தது என்பது ராஜன் அண்ணன் கட்சி. மாடியிலிருந்து அரிசி மூட்டை விழுந்தது மாதிரி என்பது சரஸ் அக்கா கட்சி. எதுவானாலும், தண்ணீர் முழுக்க என் முகத்தில் விழுந்தது. பெட்டியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. குங்குமத் தட்டு என் முழங்கையில் பட்டுக் கவிழ்ந்தது. பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி நான் வெற்றிகரமாகத் தரையில் உட்கார்ந்தபோது, விசிறிச் சத்தம் நின்றது. பீப் நின்றது. துணிக்குள்ளே வெளிச்சமும் நின்றது. என் கால் பெருவிரலில் ஒரு வயர் சுற்றியிருந்தது. அதன் மறுமுனையில், சுவரிலிருந்து பிடுங்கிய பிளக் ஆடிக்கொண்டிருந்தது.

தண்ணீரிடமிருந்து பெட்டியைக் காப்பாற்றி, அதை நானே கொன்றிருந்தேன்.

மணியம் மாமா குனிந்து அந்த பிளக்கை எடுத்துப் பார்த்தார். "இப்பதான்மா ஆஃப் ஆயிருக்கு," என்றார். மீதித் தண்ணீரைத் தெளித்து, கற்பூரம் காட்டி, நல்ல நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது பூசையை முடித்தார். பூட்ஸை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். போகும்போது என் தலையில் கைவைத்து எதையோ முணுமுணுத்தார். ஆசீர்வாதமா, விபத்து அறிக்கையா, தெரியவில்லை.

அதற்குமேல் மறைக்க என்னிடம் துணியும் இல்லை, தெம்பும் இல்லை. முகமெல்லாம் குங்குமக் குழம்பாக, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிடம் என்றது, முடிந்தது என்று பொய் சொன்னது, கடைக்கார அங்கிள் காட்டிய சாம்பல் டிஸ்க்கை வேண்டாம் என்றது வரை. பெட்டியை மறுபடி போட்டுப் பார்த்தேன். எழும்பவில்லை. நான்கு டிஸ்க்கும் ஒன்றையொன்று பார்த்து நீ எதுவரை எழுதினாய், நான் எதுவரை எழுதினேன் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. உள்ளே நவராத்திரி முழுவதும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. டிஸ்க் தப்பானதற்குக்கூட அல்ல. சரஸ் அக்கா என் பேச்சை நம்பி அதன்மேல் பூ வைத்தாரே, அதை நினைத்துத்தான்.

ராஜன் அண்ணன் திட்டவில்லை. அட்டைகளில் யாழினி இருக்கிறாளா என்று மட்டும் கேட்டார். இருக்கிறாள், எதையும் அழிக்கவில்லை என்றேன். அவர் போனை எடுத்து, இரண்டு வருடமாகப் பேசாமலிருந்த போட்டி ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு, சாயங்காலத்துக்கு நான்கு அட்டை கடன் கேட்டார். எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல இருவரும் சிரிப்பது கேட்டது. என் மானத்தின் மேல் இரண்டு ஸ்டுடியோக்களுக்கும் அன்று சமாதானம் ஆனது. அடுத்த பத்தாவது நிமிடம் அட்டைகள் மோட்டார் சைக்கிளில் வந்தன.

எங்கள் ஆட்கள் பத்து பாகாட்டுக்குக் கிளம்பினார்கள். கிளம்பும்முன் ராஜன் அண்ணன் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன்ன வேலைக்கு எடுத்தப்போ எத்தன மாசம் பாக்கறேன்னு சொன்னேன்?"

"மூணு மாசம் அண்ணே."

"எதுக்கு மூணு மாசம்? மொத நாள் பாத்தா எல்லாரும் நல்லாத்தான்மா வேலை செய்வாங்க. ஆளுக்கு மூணு மாசம் குடுக்கறோம், இந்த டிஸ்க்க மட்டும் ஏன் ஒரு நிமிஷத்துல கன்ஃபர்ம் பண்ண?"

இன்று தரவு மையத்தில் நான் எழுதி வைத்திருக்கும் சோதனை முறை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு நான் தாமதமாகச் சொன்ன பதில்தான். புது டிஸ்க் வந்தால் முதலில் அதைக் கழுத்துவரை நிரப்புவேன். பிறகு மணிக்கணக்கில் எழுதவைப்பேன். நடுவில் மின்சாரத்தைப் பிடுங்குவேன். (அதில் எனக்கு முன் அனுபவம் இருக்கிறது.) முதல் ஐந்து நிமிடத்து எண்களை நான் பார்ப்பதே இல்லை.

தனியாக உட்கார்ந்து, மூலையில் கிடந்த தாத்தாவைத் தூசி தட்டிப் போட்டேன். உளுந்து அரைக்கும் சத்தம் வந்தது. அன்றைக்கு அது எனக்குத் தாலாட்டாக இருந்தது. யாழினியின் முதல் அட்டையைச் செருகினேன். மெதுவான வேகம்தான், ஆனால் முதல் நிமிடத்தில் என்ன வேகமோ அதேதான் அறுபதாவது நிமிடத்திலும். ஏறுகிறபோதே சரியாக வந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். அது முன்னால் வைத்த கேமராவின் அட்டை, யாழினி பாதம் முதல் கொண்டை வரை தெரிந்தாள். தொடக்கத்தில் எப்படிக் குதித்தாளோ அப்படியே முடிவிலும் குதித்தாள். மூன்றாவது மணி நேரத்தின் கடைசித் தில்லானாவிலும், முழங்கால் மடித்து நிற்கும் அவள் அரைமண்டி ஒரு விரல்கடை கூட உயரவில்லை. வியர்வையில் பொட்டு மட்டும் கொஞ்சம் கரைந்திருந்தது. கடைக்கார அங்கிள் எனக்குக் காட்டிய டிஸ்க் இவள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு கேமராவின் பதிவை மட்டும் சுருக்கி யாழினியின் அம்மாவுக்கு அனுப்பினேன். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கப்பல் கிளம்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா ஒரு படம் அனுப்பினார். கப்பலின் சாப்பாட்டு அறையில் நீலச் சட்டைபோட்ட ஏழெட்டுப் பேர் ஒரே போனைச் சுற்றி நின்றார்கள். நடுவில் இருந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் துடைத்துக்கொண்டேன். குங்குமம் இன்னும் போகவில்லை.

கறுப்புப் பெட்டியும் இரண்டு நாள் பஞ்சாயத்துக்குப் பிறகு எழுந்தது. பிடுங்கிய கணத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் மட்டும் கெட்டிருந்தன, நவராத்திரி தப்பியது. நான் ஜொகூர் பாருவுக்குப் போய்க் கடைக்கார அங்கிளிடம் தலைகுனிந்து நின்றேன். அவர் சாம்பல் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். அடுத்த வாரம் என் நிரந்தரக் கடிதமும் வந்தது. அதன் கடைசியில் சரஸ் அக்கா தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். பூசை நேரத்தில் மாலினி (அது நான்தான்) எல்லா வயர்களிலிருந்தும் மூன்று அடி தள்ளி நிற்கவேண்டும்.

பூசையன்றே சரஸ் அக்கா என் அம்மாவுக்கும் போன் போட்டுவிட்டார். நான் வீடு சேர்வதற்குள் கதை வீடு சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் ஆர்வமாக ஆரம்பிக்க முடியாது. அண்ணன் காலையில் எழுந்து காரைக் கழுவினால், ஆறாவது நிமிஷம் பாப்போம் என்பார் அம்மா. என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்துக் கிளம்ப எழுந்தபோது, இருங்க, இன்னும் கொஞ்ச நேரம் பேசலாம் என்று அம்மா அவர்களை மூன்று மணி நேரம் உட்காரவைத்தார். மாப்பிள்ளை மூன்றாவது மணியிலும் முதல் நிமிடத்தில் பேசியதைப் போலவே மெதுவாக, தடுமாறாமல், சிரித்த முகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

கல்யாணத்தைப் படம் பிடித்தது ராஜன் அண்ணன்தான், இரண்டு ஸ்டுடியோவும் சேர்ந்து. மந்திரம் சொன்னது மணியம் மாமா. அந்த வீடியோவைப் பார்க்கும் சொந்தக்காரர்கள் தாலி கட்டும் இடத்தில் நிறுத்தி, இந்தக் காலத்திலும் பாருங்கள் பெண் எப்படி வெட்கப்பட்டுக் குனிந்திருக்கிறாள் என்று மெச்சிக்கொள்வார்கள். நான் மறுப்பதில்லை. என் கணவருக்கு மட்டும் உண்மை தெரியும். நான் அப்போது காலடியில் வயர் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.